காதுப்பொட்டு பழுதான ஞாயிறு

1

போன வாரம் பாப்லு வந்து எங்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். இனிமேல் அந்தப் பெட்டி இல்லாமல் படம் வராதாம், சர்க்கார் உத்தரவாம். பாப்லு எங்கள் டாலிகஞ்ச் காலனியின் கேபிள்காரன். கேபிள் வந்த புதிதில் ஒல்லியாக, மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவி ஒயர் கட்டியவன். இப்போது தொந்தியும் இரண்டு செல்போனுமாக, ஏணி பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வருகிறான். பெட்டியைப் பொருத்தி முடித்ததும் ரிமோட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து வள்ளல் மாதிரி சிரித்தான். உங்களுக்கென்றே சவுத் பேக்கேஜ் போட்டுவிட்டேன் பௌதி, என்றான். பௌதி என்றால் அண்ணி.

என்னை யார் கேட்டார்கள்? முகத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழ்க்காரிக்குத் தமிழ்ச் சேனல், நெற்றியில் குங்குமம் இருந்தால் கூடவே ஒரு பக்திச் சேனல். ராக்கெட், வேற்றுக்கிரகம், விண்வெளிக் கப்பல், இப்படி ஏதாவது வருகிற சேனல் இருக்கிறதா என்று கேட்டேன். பாப்லு கொஞ்சம் யோசித்துவிட்டு, ராக்கெட் விடும்போது செய்தியில் காட்டுவார்களே என்றான். பிறகு அவனும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழைய சிரிப்பு. அதில் வந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்திரிகையில் வரும் புலம்பெயர்ந்தவர்கள் பக்கத்துக்கு எழுதப்போகிறேன் என்றதும் திருநெல்வேலியில் இருக்கும் என் தம்பி, கல்கத்தா எப்போது வெளிநாடு ஆயிற்று என்று கேட்டான். பாஸ்போர்ட் இருந்தால்தான் புலம்பெயர்வு போலிருக்கிறது. ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி, ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத ஊரில் பஸ் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கையில் குழந்தையோடு நின்றிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

2

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படித்தவள். வீட்டுக்காரருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாற்றல் வந்து, அது நிரந்தரமாகி, இங்கேயே தங்கிப்போனோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கட்டடத்தில் நல்ல கலர் டிவி இருந்தது மாடியில் ஷிப்ராதி வீட்டில். தி என்றால் அக்கா. ஞாயிறு காலையில் அரசாங்கச் சேனலில் இந்தியில் விண்வெளிக் கதை ஏதாவது ஓடும். அட்டையில் செய்த கப்பல், வெள்ளிக் காகிதம் ஒட்டிய சட்டை, டார்ச் லைட்டில் துப்பாக்கி. பார்க்கக் கட்டடமே கூடிவிடும்.

எனக்கு அங்கே பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நரைத்த தலைகள் எல்லாம் கூச்சமில்லாமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தன. படம் முடிந்ததும் சண்டை பிடித்தன. ஒளியைவிட வேகமாகக் கப்பல் போக முடியுமா, போனால் திரும்பி வரும்போது பேரன் கிழவனாக இருப்பானா என்று டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசுவார்கள். இவர்களுக்கு இந்த மாதிரிக் கதை சின்ன வயதுப் பழக்கம். பூஜா சமயத்தில் வரும் தடித்தடி சிறப்பிதழ்களில் துர்க்கையோடு கூடவே வேற்றுக்கிரகத்தானும் வந்துவிடுவான். அதற்குக் கொல்பொபிக்கான் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கற்பனை விஞ்ஞானம். ஊரில் எங்கள் வீட்டில் நான் இதைப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னபோது அம்மா, என்ன பிள்ளை சின்னப்பிள்ளையாட்டம் என்றாள்.

இன்னொன்று, அந்த அறையில் இந்தி யாருக்கும் ஒழுங்காக வராது. வங்காளிகளின் இந்தி என் இந்தியைவிட மோசம். அதனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் யாரைவிடவும் குறைந்தவளாக இல்லை.

3

பிறகு கேபிள் வந்தது. ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு சேனலில், வெளிநாட்டுத் தொடர் ஒன்றை இந்தியில் பேசவைத்துப் போட்டார்கள். அதற்குள் ஷிப்ராதி வீட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. அவரவர் வீட்டில் அவரவர் டிவி. நானும் என் மகள் நித்யாவும் மட்டும் பார்ப்போம். அவளுக்கு எட்டாம் வகுப்பு.

கதை நடக்கிற இடம் தூரத்துக் கிரகம் ஒன்றில் ஒரு நிலையம். பல உலகங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். யாரும் சொந்த ஊரை நினைத்து மூக்குச் சிந்துவதில்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் மடக்கி, நம்ம ஊர் எது சொல்லு பாப்போம் என்று கேட்பதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நித்யாவை நடுக்கூடத்தில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டு, அவள் திணறுவதைப் பார்த்துச் சிரிக்கிற என் சொந்தக்காரர்களை அந்த நிலையத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும்.

அங்கே எல்லோரும் காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று ஒட்டியிருப்பார்கள். யார் எந்த மொழியில் பேசினாலும் அது மாற்றிச் சொல்லிவிடும். நித்யா அதற்குக் காதுப்பொட்டு என்று பெயர் வைத்தாள். எனக்கு அந்தப் பெயர் நிரம்பப் பிடித்தது, அவள் தானாகச் செய்த முதல் தமிழ்ச்சொல் அது. ஏனென்றால் அவள் தமிழ் அப்போதே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வங்காளத்தில் தண்ணீரையும் சிகரெட்டையும்கூடச் சாப்பிடத்தான் செய்வார்கள். அதே மாதிரி இவளும், தண்ணி சாப்பிடப் போறேன் என்பாள். தாத்தா சிகரெட் சாப்பிடுறாங்க என்று ஊரில் சொல்லிவைத்து அப்பாவை அலறவிட்டாள். வங்காளத்தில் அவன், அவள் வித்தியாசம் கிடையாது, ஆகவே என் பெண்ணுக்கு வாத்தியாரம்மாவும் வந்தான், போனான்தான். அவள் நினைப்பது, சண்டை போடுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் வங்காளத்தில். என்னிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவாள். தேடி அலுத்துப்போய், ஒண்ணுமில்ல என்று எழுந்து போவாள். அந்த ஒண்ணுமில்லவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம். இன்னும் இரண்டு வருடத்தில் இவளிடம் பேச எனக்கு ஒன்றுமே இருக்காது என்ற பயம்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அந்தப் பயம் கிடையாது. அவளும் நானும் பாதி புரிந்த இந்தியில் ஒரே கதையைப் பார்த்து, புரியாத பாதியை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வோம். வாரம் முழுக்கப் பேச அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையத்தில் இருந்த எல்லோருடைய காதுப்பொட்டும் ஒரே நேரத்தில் பழுதானது. தளபதிக்கும் பச்சைத்தோல் டாக்டருக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. டாக்டர் அவசரமாக எதையோ சொல்லவருகிறாள். தளபதிக்கு விளங்கவில்லை. டாக்டர் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் எதையோ வரையத் தொடங்குகிறாள். அங்கே நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்று போட்டுவிட்டார்கள்.

4

அடுத்த வாரம் பதினொரு மணிக்கு அந்தச் சேனலைப் போட்டால், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் சென்னைத் தமிழில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். பின்னால் பட்டிமன்றம். கணவனுக்குப் பெரிய துணை தாயா, தாரமா.

நான் ரிமோட்டைத் தட்டினேன், பெட்டியைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, எப்படி இருக்கு நம்ம ஏற்பாடு என்றார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. காலனியில் உள்ள மற்ற தமிழ்க்குடும்பங்களின் ஆண்களைச் சேர்த்துக்கொண்டு பாப்லுவிடம் போய்த் தமிழ்ச் சேனல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாப்லுவின் கருவியில் இத்தனை சேனல்தான் போகும், ஒன்றை ஏற்ற வேண்டுமானால் ஒன்றை இறக்க வேண்டும். எதை இறக்கலாம் என்று கேட்டானாம். யாரும் பார்க்காத சேனல் ஒன்றை இறக்கு என்று இவர்களே கைகாட்டியிருக்கிறார்கள்.

"யாரும் பாக்கலியா? வாராவாரம் உங்க முன்னாலதானே உக்காந்து பாக்கேன்?" என்றேன்.

"அது பிள்ளைக்காகப் பாக்கேன்னுல்லா நெனச்சேன்," என்றார். பிறகு சமாதானமாக, "உனக்காகத்தானட்டி சொல்லி வச்சேன். தமிழ் கேக்காம ஏங்கிப் போயிருக்கன்னு" என்றார்.

அவர் நல்ல மனிதர். கோபமே அதனால்தான் கூடுகிறது. எனக்கு என்ன ஏக்கம் என்று என்னிடம் கேட்காமலே கண்டுபிடித்து, தீர்த்தும் வைத்துவிட்டு, முதுகில் தட்டிக்கொடுக்கச் சொல்லி நிற்கிறார். ஊரை விட்டு வந்தவளுக்கு ஊரைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஊரிலேயே இருப்பவர்கள் வானத்தைப் பார்க்கலாம். நாங்கள் மட்டும் திரும்பித் திரும்பி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நித்யாவைப் பார்த்தேன். ஒண்ணுமில்லம்மா என்று எழுந்து உள்ளே போனாள். நான் முடிவு செய்துவிட்டேன், பாப்லுவை விடுவதில்லை என்று.

வேறு வட்டாரத்தில், வேறு கேபிள்காரன் பகுதியில் தெரிந்தவர்கள் வீட்டில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாற்பதை நெருங்குகிறவள், பச்சைத்தோல் டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும், கொஞ்சம் டிவியைப் போடுங்கள் என்று அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டவா? அதற்கு என் மானம் இடம் கொடுக்கவில்லை.

5

கேபிள் ஆபீஸ் என்பது காலனிச் சங்கக் கட்டடத்தை ஒட்டிய ஒரு அறை. உள்ளே இரண்டு கேரம் போர்டும் ஒரு மேசையும். முதல் நாள் போனேன், பாப்லு இல்லை. அடுத்த நாள் இருந்தான், சாப்பாட்டு நேரம் என்றான். அதற்கடுத்த நாள் ஹொயே ஜாபே என்றான். ஆகிவிடும் என்று பொருள். இந்த ஊரில் அலுவலகங்களில் இதைச் சொன்னால் ஆகாது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

சரி, முறையாகவே கேட்போம் என்று தயாரித்துக்கொண்டு போனேன். வங்காளம் பேச எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. தமிழில் புழங்கும் வடசொல்லை எடுத்து, வாயில் ரசகுல்லா இருப்பதுபோலச் சொன்னால் பெரும்பாலும் வங்காளம் ஆகிவிடும். சந்தோஷம் ஷொந்தோஷ். விஷயம் பிஷோய். அந்தத் தைரியத்தில் ஒரு முழு வாக்கியம் செய்தேன். பெரிய இடத்தில் முறையிடுவதற்குப் பழைய தமிழில் விஞ்ஞாபனம் என்று சொல்வதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். விஞ்ஞானத் தொடருக்கான என் விஞ்ஞாபனம். நிமிர்ந்து நின்று சொன்னேன், பிக்கானேர் பிக்காபொன் என்று.

பாப்லுவின் முகம் மலர்ந்தது. அவ்வளவு மரியாதையோடு அவன் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்காலி போட்டான். எந்த கிளாஸ் என்று கேட்டான். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று விசாரிக்கிறான் போலும் என்று, எட்டு என்றேன். எந்த நாள்? ஞாயிறு. எத்தனை மணி? பதினொன்று, அதுகூடத் தெரியாமல் சேனலை எடுத்தாயா என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். உங்களுக்காகக் காசு வாங்காமல் செய்கிறேன் பௌதி என்றான். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், எப்படிப் பேசினால் வேலை நடக்கும் பார்த்தீர்களா என்று வேறு பெருமை அடித்தேன்.

6

ஞாயிறு பதினொரு மணிக்கு டிவியில் பட்டிமன்றமே வந்தது. கூடவே வாசல் மணி அடித்தது. திறந்தால், காலனி அம்மாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் எண்ணெய் வைத்துத் தலைவாரிய ஒரு பிள்ளை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

மாடியிலிருந்து ஷிப்ராதி இறங்கி வந்து விளக்கினாள். விஞ்ஞானம் இங்கே பிக்கான். ஆனால் பிக்காபொன் என்றால் விண்ணப்பம் இல்லை, விளம்பரம். பாப்லு தன் சொந்தச் சேனலில், படத்துக்குக் கீழே ஓடும் வரியில், மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்: எட்டாம் வகுப்பு விஞ்ஞான டியூஷன், ஞாயிறு பதினொரு மணி, தென்னிந்திய மேடம்.

நான் தமிழ் படித்தவள், எனக்கு விஞ்ஞானம் வராது என்றேன். யாரும் நம்பவில்லை. அடக்கம் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சவுத் இந்தியன், உங்கள் மூளை சுத்தம், தயிர் சாப்பிடுகிறவர்கள் என்றாள். ஒரு பக்கம் நான் பட்டிமன்றத்துக்கு ஏங்கியே தீரவேண்டியவள், இன்னொரு பக்கம் இயற்பியல் தெரிந்தே ஆகவேண்டியவள். நானாக எதுவாகவும் இருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, நல்ல வருமானம், ஒத்துக்கோயேன் என்று கிசுகிசுத்தார். அவரை நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நித்யாதான் வெளியே வந்து வங்காளத்தில் மளமளவென்று எதையோ சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதலில் அவள் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளாகவே கேட்டாள்.

"அம்மா, டாக்டர் கையில என்ன வரஞ்சான்?"

"வரஞ்சா," என்றேன்.

"சரி, வரஞ்சா. என்ன வரஞ்சா? நீ சொல்லு."

காய் நறுக்கிக்கொண்டே ஏதோ சொன்னேன். நதி ஒன்றை வரைந்தாள், அது எங்கேயோ உடைத்துக்கொண்டு வருகிறது என்று. நித்யா இல்லை என்று தலையாட்டி வேறொன்றைச் சொன்னாள், பாதி தமிழில், பாதி வங்காளத்தில். நான் அதை மறுத்தேன். அடுத்த நாளும் சமையலறையில் அதே பேச்சு. மழைக்காலம் முடிந்து பூஜாவும் வந்துபோனது. டாக்டரும் தளபதியும் எங்கள் அடுப்படியில் பேசக் கற்றுக்கொண்டே இருந்தார்கள். நான் தமிழில் சொல்வேன், அவள் வங்காளத்தில் தொடர்வாள். எந்தச் சொல் யாருடையது என்று பார்ப்பதை இருவருமே விட்டுவிட்டோம். அந்த மாதங்களில் அவள் ஒருமுறைகூட ஒண்ணுமில்ல என்று எழுந்துபோகவில்லை.

7

கடைசியில் பாப்லு அந்தச் சேனலைத் திருப்பிப் போட்டான். பதினொரு மணிக்கு ஆசையாக உட்கார்ந்தோம். பழச்சாறு பிழியும் இயந்திரம் ஒன்றை ஒரு ஆள் விற்றுக்கொண்டிருந்தான். தொடரை மத்தியானத்துக்கு மாற்றினார்கள், பிறகு விடியற்காலையில் யோகாசனத்துக்கு முன்னால் தள்ளினார்கள், பிறகு காணாமலே அடித்தார்கள். எந்த அறிவிப்பும் இல்லை. யாரும் பார்ப்பதில்லை என்று காரணம் சொல்வார்கள். விடியற்காலையில் போட்டால் யார் பார்ப்பார்கள்? சோறு போடாமல் வைத்திருந்துவிட்டு, இதற்குப் பசியே இல்லை என்று சொல்கிற கதை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் மாமியார்கள். இந்தியில் மாமியார், வங்காளத்தில் மாமியார், சவுத் பேக்கேஜில் நாலு பாஷையில் மாமியார். நாங்கள் இருக்கும் டாலிகஞ்சில்தான் இந்த ஊர் மாமியார்கள் தயாராகிறார்கள். ஷூட்டிங் வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும், காய்கறிப் பையோடு ஆட்டோவில் நான் காத்திருப்பேன். நகை போட்டுக்கொண்டு தூங்குகிற அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளிக் காகிதச் சட்டைக்காரர்கள் எவ்வளவு மேல் என்று தோன்றும். பெண்ணாக மாறுகிற பாம்பு வருகிறதே, அதுவும் கற்பனைதானே என்கிறார் என் வீட்டுக்காரர். அந்தப் பாம்பும் கடைசியில் ஒரு மாமியாரிடம்தான் போய் மாட்டிக்கொள்கிறது. நூறு சேனல் வந்தும், நாளைக்கு உலகம் எப்படி இருக்கும் என்று கேட்க ஒரு சேனலுக்கு நேரமில்லை. சின்னப்பிள்ளைகளுக்கு ரோபோ பொம்மைப் படம் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு எதிர்காலம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

8

நித்யா இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். இந்த வாரம் அவள் பேசியபோது சவுத் பேக்கேஜ் கதையைச் சொல்லி, பாப்லுவைத் திட்டி, அவள் அப்பாவைத் திட்டி, கடைசியில் பழைய ஆத்திரத்துக்கே வந்து சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த மறுபாதியை மட்டும் பார்க்க முடியவில்லையே, உள்ளங்கையில் டாக்டர் என்ன வரைந்தாள் என்றே தெரியாமல் போகப்போகிறேனே என்றேன்.

"அம்மா, நான் பாத்துட்டேன்" என்றாள்.

காளிகாட்டில் அவளுக்கு அப்போது செவ்வாய்க்கிழமைகளில் பாட்டு வகுப்பு உண்டு. பாப்லு சேனலை எடுத்த அந்த வாரமே, வகுப்பு முடிந்து மித்து என்ற தோழியின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே வேறு கேபிள்காரன். அந்தத் தொடருக்குச் செவ்வாய் சாயங்காலம் மறு ஒளிபரப்பு இருந்திருக்கிறது. நான் கேபிள் ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில் இவள் மறுபாதியை முழுசாகப் பார்த்துவிட்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, டாக்டர் என்ன வரைந்தான் என்று என்னைக் கேட்டபோது அவளுக்கு முடிவு தெரியும்.

"என்னட்டி வரஞ்சா?" என்றேன்.

"ஒண்ணும் வரையல. ஆரம்பிச்ச உடனே ஒருத்தன் வந்து பேட்டரி மாத்திட்டான். காதுப்பொட்டு சரியாயிருச்சு. ரெண்டு பேரும் இந்தியில பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் முழுக்கச் சண்டைதான், துப்பாக்கிதான்."

பேட்டரியா? இதற்காகவா நான் பிக்காபொன் சொல்லித் தெருவில் பெயரைக் கெடுத்துக்கொண்டேன்? இரண்டு உயிர்கள் ஒரு சொல்கூட இல்லாமல் எதிரெதிரே நிற்கின்றன. அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பேட்டரி மாற்றி அனுப்புகிறவனுக்கு எழுத என்ன யோக்கியதை இருக்கிறது? இப்படி எழுதினால் மாமியார் வராமல் யார் வருவார்கள்? போனில் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

அவள் தமிழில் ஆரம்பித்தாள். ஒரு சொல் தேடினாள், கிடைக்கவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு வங்காளத்துக்குத் தாவினாள். உன் கதை நன்றாக இருந்தது அம்மா, என்றாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். நீ மறுபடியும் பட்டிமன்றத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய், நான் மித்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது.

என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் புதுப் பெட்டியில் எதையோ போட்டுவிட்டு, தமிழ்ச் செய்தி வருது வா என்று கூப்பிட்டார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இங்கிருந்தே கத்தினேன்.

"சொல்லும்மா," என்றாள் நித்யா. "நதி உடைச்சிட்டு வருதுன்னு டாக்டர் வரஞ்சான். தார்போர்?"

தார்போர் என்றால் அப்புறம்.

"வரஞ்சா," என்று திருத்திவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.